காலி நாற்காலிக்குப் பிடித்த குடை

இந்த நாட்டுக்கு ஒரு ராஜா வேண்டும் என்று நான் முதன்முதலாகச் சொன்னபோது என் மனைவி ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்தாள். கையை எடுக்காமலே கேட்டாள்.

"எதுக்கு? இருக்கிற துரைமாரு பத்தாதா?"

நான் மடுல்சீமையில் தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பிறந்தது தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றில். இப்போது இருப்பது அதே தோட்டத்தின் மேல் டிவிசனில், கல் வைத்துக் கட்டிய ஒரு சின்ன வீட்டில். மனைவி தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் ஆயம்மாவாக இருந்தவள். தாய்மார் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனால் பிள்ளைகளைத் தொட்டிலாட்டுவதும் பால்மா கரைப்பதும் மூக்குத் துடைப்பதும் அவள்தான். இரண்டு டிவிசன்களிலும் மீசை முளைத்தவர்களில் பாதிப் பேர் அவள் மடியை நனைத்தவர்கள். அப்படிப்பட்டவளுக்கு ராஜாவைப் பற்றிப் பாடம் எடுக்கப் போனவன் நான்.

ஆனாலும் எடுத்தேன். எனக்கு விஷயம் பெரிதாகத் தெரிந்தது. மண்ணெண்ணெய்க்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற காலத்தில்தான் பதுளையில், ராஜா வேண்டும் என்கிற எங்கள் சங்கம் ஆரம்பமானது. நாடு முழுவதும் இருந்த கோபத்தில் ஒவ்வொருவர் ஒவ்வொரு வழி சொன்னார்கள். நாங்கள் சொன்ன வழி, அரசியலமைப்புக்கு உட்பட்ட முடியாட்சி. அதாவது ராஜா இருப்பார், ஆள மாட்டார். ஆளுவது பாராளுமன்றம். சட்டம் ராஜாவுக்கும் மேலே. அவர் கட்சிகளுக்கு அப்பால் நாட்டின் முகமாக இருப்பார், அவ்வளவுதான். ஊரார் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். சிரிப்புக்கு அன்றைக்கு வரிசை இருக்கவில்லை.

எனக்கென்று ஒரு காரணமும் இருந்தது. எங்கள் லயங்களில் ஒரு பீலித் தண்ணீருக்குக்கூடக் கட்சி உண்டு. இந்தக் கட்சி போட்ட குழாயில் அந்தத் தொழிற்சங்கத்து ஆட்கள் தண்ணீர் பிடித்தால் சண்டை. தேர்தல் வந்தால் கும்பிட்டுக்கொண்டு வருகிறவர்கள் முடிந்ததும் எங்களை மறந்துவிடுவார்கள். ஓட்டே தேவைப்படாத ஒருவர் மேலே இருந்தால், அவர் எங்களைப் பார்க்கும்போது ஓட்டாகப் பார்க்க மாட்டார், ஆளாகப் பார்ப்பார் என்று நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். இன்னொன்று, கண்டியைக் கடைசியாக ஆண்டது மதுரைப் பக்கத்து வம்சம். என் பாட்டனார் வந்ததும் அந்தப் பக்கத்திலிருந்துதான். அவர் வந்தது முடி சூட அல்ல, தேயிலை மலையில் முள்ளுக் குத்தி மண் கிளற என்பதை என் மனைவி உடனே ஞாபகப்படுத்தினாள்.

சங்கத்தில் பத்துப் பன்னிரண்டு பேர். எல்லோரும் பென்ஷன்காரர்கள். தலைவர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர், சிங்களவர். ராஜாவுக்காக வெள்ளைக்காரனை எதிர்த்து எழுந்த மண் இந்த ஊவா மாகாணம் என்று பேச ஆரம்பித்தால் அவர் குரல் தடுமாறும். செயலாளர் யாழ்ப்பாணத்தவர், பதுளை அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்து இங்கேயே தங்கிவிட்டவர். ஒரு விதியை இரண்டு தடவை வாசிக்காமல் கையைத் தூக்க மாட்டார். நான் துணைச் செயலாளர். அந்தப் பட்டத்தை நான் சும்மா வைத்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் மருந்து வாங்கப் போனாலும், பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் பெயர் கேட்டாலும், பெயரோடு அதையும் சேர்த்துத்தான் சொல்வேன்.

மாதத்தின் முதல் புதன்கிழமை, ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் ஒரு டியூஷன் வகுப்பில் கூட்டம். பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரம் அந்த இடம் சும்மா கிடக்கும். நாங்கள் பிள்ளைகளின் பெஞ்சுகளில் முழங்கால் முட்ட உட்காருவோம். அங்கே இருந்தது ஒரே ஒரு நாற்காலி, டியூஷன் மாஸ்டருடையது. அதை முன்னால் இழுத்துப் போட்டு, வெள்ளைத் துணி விரித்து, பின்னால் ஒரு வெள்ளைக் குடையைக் கட்டி நிறுத்துவோம். வராத ராஜாவுக்கு மரியாதை. கூட்டம் முடியும்வரை அந்த நாற்காலியில் யாரும் உட்காரக் கூடாது. அதிபருக்கு இடுப்பு வலி. அவரும் பெஞ்சில்தான் இருந்தார்.

அந்தக் குடை பதுளைக் கடைவீதியில் சொல்லித் தைத்தது. வெள்ளைப் பட்டு, ஓரத்தில் மஞ்சள் குஞ்சம், ஆள் உயரக் கம்பு. டியூஷன் வகுப்பில் விட்டால் பிள்ளைகள் பிய்த்துவிடுவார்கள் என்று அதைக் காக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். மாதா மாதம் அதை உரச்சாக்கில் சுற்றிக்கொண்டு மடுல்சீமை பஸ்ஸில் போய் வருவேன். கண்டக்டர் என்னைக் கண்டதும், "ராஜா இன்னைக்காவது வர்றாராங்க ஐயா? சீட்டு புடிச்சு வைக்கவா?" என்பான். வந்தால் முதலில் உனக்குத்தான் சொல்லுவேன் என்பேன்.

இனி நான் செய்த ஒரு சத்தியத்துக்கு வருகிறேன். சங்கத்தில் இருக்கும்வரை எந்தக் கட்சிக்காகவும் வாய் திறந்து ஓட்டுக் கேட்கக் கூடாது என்பது எங்கள் முதல் விதி. ராஜாவின் ஆட்கள் கட்சிக்கு அப்பாற்பட்டவர்களாக இருக்க வேண்டுமல்லவா? மற்றவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். எனக்கு அது போதவில்லை. எங்கள் ஆட்களுக்கு வாக்கு என்றால் அது சூடத்தின் மேல்தான். தோட்டத்து மாரியம்மன் கோவிலில் சூடம் ஏற்றி, எரியும்போதே உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தேன். செயலாளருக்கு இது தெரிந்தபோது மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"உதெல்லாம் என்னத்துக்கு, ஐசே? ஒரு கையெழுத்துக் காணும்."

"பத்தாதுங்க. கையெழுத்த அழிச்சிறலாம்" என்றேன்.

எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் என்பது எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு வந்த மழைக்காலத்தில், கீழ் டிவிசனில் ஒரு பெண்ணுக்கு வலி எடுத்தது. ரோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டாம், அது ரோட்டாக இருந்தால்தானே? ஆட்டோ வர மறுத்தது. கொழுந்து லொறியில் ஏற்றினார்கள். என் மனைவியும் கூடப் போனாள். பாதி வழியில், பள்ளத்தில் லொறி சாய்ந்து நின்ற இடத்தில், சாக்குப் படங்குகளுக்கு நடுவே பிள்ளை பிறந்துவிட்டது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். வீட்டுக்கு வந்து சேலையைத் துவைத்துக்கொண்டே என் மனைவி சொன்னாள்.

"இந்த ரோட்டுக்கு யாராவது ஒரு ஆளு குத்தவச்சு உக்காந்து கேட்டாத்தாங்க நடக்கும். வர்றவன் போறவன்கிட்ட மனு குடுத்தா நடக்காது."

அவள் வாய் முகூர்த்தம், அடுத்த சில வாரத்தில் பிரதேச சபைத் தேர்தல் அறிவித்தார்கள். கட்சிக்காரர்கள் ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பட்டியலில் பெண்கள் வேண்டும், ஆயம்மா என்றால் இரண்டு டிவிசனும் ஓட்டுப் போடும் என்றார்கள். அவள் தேத்தண்ணீர் கொடுத்துவிட்டு, நிற்கிறேன் என்று ஒரே வார்த்தையில் சொன்னாள். பிறகுதான் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கு உள்ளங்கை சுட்டது. அவர்கள் போனதும் நான் பேச்சை எடுக்குமுன்பே அவளே சொன்னாள்.

"தெரியும். நீங்க சூடம் அடிச்சப்ப பக்கத்துல தட்டப் புடிச்சுக்கிட்டு நின்னது நான்தானே. அரசன் அன்று கொல்லும், தெய்வம் நின்று கொல்லும். ஒங்க ராஜாவ ஏமாத்தினாலும் ஆத்தாள ஏமாத்த வேணாம். நான் ஓட்டுக் கேக்குறேன், நீங்க சோத்த ஆக்குங்க."

ஆக்கினேன். பருப்பு அடிப்பிடித்த நாட்கள் உண்டு. அவள் குறை சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு லயம் லயமாக ஏறி இறங்கினாள். கூட நாலு பெண்கள் போனார்கள். நான் வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். தேர்தல் காலத்தில் எங்கள் ஊரில் வேட்பாளரின் மாமன் மச்சான், ஒன்றுவிட்ட சித்தப்பன்கூட முன்னால் நடப்பான். கட்டிய புருஷன் வாசலில் நிற்பது யார் கண்ணில் படாது? எதிர்க்கட்சிக்காரர்களுக்கு வெறும் வாய்க்கு அவல் கிடைத்த மாதிரி ஆனது. கடைக்கடையாக அதையே மென்றார்கள். நான் சீனி வாங்கப் போன இடத்தில் ஒருவன் என் காதுபடச் சொன்னான்.

"அரசன நம்பிப் புருஷன கைவிட்டவ கத கேட்டிருக்கோம். அரசன நம்பிப் பொண்டாட்டிய கைவிட்ட ஆள இப்பத்தான்யா பாக்குறோம்."

கடையே சிரித்தது. நான் சீனியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பதில் சொல்ல எனக்குத் தெரியும். ஆனால் எந்தப் பதில் சொன்னாலும் அது அவளுக்கு ஓட்டுக் கேட்டதாகிவிடும்.

அன்று அவள் வழக்கத்தைவிட முன்னதாகவே திரும்பி வந்தாள். வந்து அடுப்படிப் பலகையில் உட்கார்ந்தாள். தலைத் துணியை அவிழ்க்கவில்லை.

"கீழ பணிய லயத்துல ஒரு பொண்ணு கேட்டுச்சுங்க. நான் வளத்த புள்ள. 'ஆயம்மா, வீட்டுலேயே ஒங்களுக்கு ஓட்டு இல்லையாமே'ன்னு. அதுக்கு நான் என்னன்னு சொல்ல?" அடுப்புக் கட்டையை உள்ளே தள்ளினாள். "எனக்கு வெக்கமா இருக்குங்க."

அவள் தோற்றால் என்னால்தான் தோற்பாள் என்பது எனக்கு அப்போது உறைத்தது. ரோடும் வராமல் போகும். அதைவிட, ஊர் முன்னால் புருஷன் கைவிட்டவள் என்ற பெயரோடு அவள் தோற்பாள். கோவிலுக்குப் போனேன். பூசாரியிடம் கேட்டால் ஒரு சேவலை நேர்ந்துவிட்டுச் சத்தியத்தை எடுத்துவிடலாம், ஊரில் அது நடக்காத விஷயமல்ல. வாசற்படி வரை போய்த் திரும்பிவிட்டேன். சேவலுக்கு விற்கிற வாக்கை நான் கொடுக்கவில்லை. எனக்குத் திமிர் என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

மறுநாள் காலையில் மழை. மடுல்சீமை மழை கேட்டுக்கொண்டு வராது, சொல்லிக்கொண்டு போகாது. அவள் தலைக்குப் பொலித்தீனைப் போட்டுக்கொண்டு படி இறங்கினாள். கதவுக்குப் பின்னால் அந்த உரச்சாக்குச் சுருள் நின்றது. நான் அதைப் பார்த்தேன். சத்தியம் செய்தது வாய், கை அல்ல என்று தோன்றியது. சாக்கை உருவிப் போட்டுவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு ஓடி, படிக்கட்டின் கீழே அவளைப் பிடித்து, தலைக்கு மேலே விரித்தேன்.

அவள் அண்ணாந்து பார்த்தாள். மஞ்சள் குஞ்சம் அவள் நெற்றியில் பட்டது.

"ஐயோ, இது ராஜாவோடதாச்சே."

நான் வாயைத் திறக்கவில்லை. முன்னால் நட என்று தலையை ஆட்டினேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்தக் குடை ஒழுகியது. பட்டுத் துணி, நிழலுக்குத் தைத்தது. முதல் லயத்தைத் தாண்டுமுன் இரண்டு பேரும் தொப்பல். ஆனால் வெள்ளைக் குடை தேயிலைக்கு நடுவே தூரத்திலிருந்தே தெரிந்தது. லயத்து ஆட்கள் அடுப்பை விட்டுவிட்டு வாசலுக்கு வந்தார்கள். மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவள் ஒவ்வொரு வாசலிலும் நின்று ரோட்டைப் பற்றிப் பேசினாள். நான் பின்னால் குடை பிடித்துக்கொண்டு கல் மாதிரி நின்றேன். பணிய லயத்தில் அந்தப் பெண் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து என்னையும் குடையையும் மாறி மாறிப் பார்த்தது. "உள்ள வாங்க ஆயம்மா, தலையத் தொடச்சிக்கிங்க" என்று ஒரு துவாயைக் கொண்டுவந்து கொடுத்தது. என் மனைவி தலையைத் துவட்டிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். கல்யாணத்தன்றுகூட அவள் அப்படிச் சிரிக்கவில்லை. அன்று நான் நடந்த நடையில் எந்த ராஜாவும் நடந்திருக்க மாட்டான்.

யாரோ போனில் படம் பிடித்துவிட்டார்கள். அது பதுளைக்கு எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. அடுத்த புதன்கிழமைக் கூட்டத்தில் முதல் விஷயமே அதுதான். செயலாளர் எழுந்து நின்றார். அவர் குரலில் கோபம் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

"இவர் வாய் திறக்கேல்லை. அதை நான் ஒத்துக்கொள்ளுறன். ஆனா குடையைத் திறந்திருக்கிறார். அது சங்கத்தின்ர குடை. ஒரு கட்சி வேட்பாளருக்கு அதைப் பிடிக்கேலாது."

அவர் சொன்னது சரி. நானும் மறைக்கவில்லை. எழுந்து, "பிடிச்சது பிடிச்சதுதாங்க. மழை பெஞ்சா இன்னொரு தடவையும் பிடிப்பேன்" என்றேன். அதிபர் எழுந்து போய்க் குடையின் கட்டை அவிழ்த்தார். பிறகு, குடை இனிமேல் தன் வீட்டில் இருக்கட்டும் என்று சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். துணைச் செயலாளர் பதவியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. வெறும் கையோடு பஸ் ஏறினேன். கண்டக்டர் என் கையைப் பார்த்தான், டிக்கெட்டை மட்டும் கிழித்துக் கொடுத்தான்.

மறுநாளிலிருந்து வீட்டுக் கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு போனேன். அது ஒழுகவில்லை.

அவள் ஜெயித்தாள். மயிரிழையில்தான், ஆனால் ஜெயித்தாள். பட்டாசு போட்டார்கள், பிள்ளை மடுவத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் பயறு அவித்துக் கொடுத்தாள். சபையில் பதவிப் பிரமாணம் எடுத்த கையோடு ரோட்டு வேலையில் இறங்கினாள். பதுளையில் மாகாண ரோட்டுக் கந்தோருக்கு நடக்க ஆரம்பித்தாள். அது மாகாணத்தின் பொறுப்பில் இருக்கிற ரோடு, சபையால் மட்டும் ஆகாது என்று சபையில் சொல்லிவிட்டார்கள். கட்சி மெம்பர்கள் ஒவ்வொருவரும் ஒரு ரோட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள், பெயரைச் சொல்லிவிட்டுப் போங்கள் என்று கந்தோரில் சொல்லி அனுப்பினார்கள். மறுபடி போனாள். மறுபடியும் அதே பதில்.

அப்படி ஒரு முதல் புதன்கிழமை, கந்தோரில் காத்திருந்தும் அதிகாரியைப் பார்க்க முடியாமல், என்னோடு ஊருக்குத் திரும்பலாம் என்று எங்கள் கூட்டம் நடக்கிற இடத்துக்கு வந்துவிட்டாள். மேடு ஏறிய மூச்சு. உள்ளே வந்தாள், கும்பிட்டாள், சுற்றிப் பார்த்தாள். பெஞ்சுகளில் நாங்கள் நெருக்கிக்கொண்டிருந்தோம். முன்னால் வெள்ளை விரித்த நாற்காலி காலியாக இருந்தது. நேராகப் போய் அதில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்தாள்.

மேலே அந்த வெள்ளைக் குடை அவள் தலைக்கு நேராக நின்றது. அவள் அதைக் கண்டுகொண்டு எங்கள் முகங்களைப் பார்த்தாள்.

"இது அவரு எடமா?"

"ஓம் பிள்ளை, மகாராஜாவுக்கு வைச்சது" என்றார் செயலாளர்.

"அவரு வந்தா எந்திரிச்சிக்கிறேங்க. வர்ற வரைக்கும் காலு வலிக்குது" என்றாள். பிறகு அந்த நாற்காலியிலிருந்தே கேட்டாள். "நீங்கல்லாம் எந்தக் கட்சியும் இல்லதானே? எனக்கு அப்புடி ஆளுங்கதான் வேணும். நான் தனியாப் போனா கட்சின்னு நினைக்கிறாங்க. கட்சி இல்லாத பெரியவங்க நாலு பேரு கூட வந்தா, ரோடு ரோடாத் தெரியும்."

அதிபருக்கு நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். கட்சிகளுக்கு அப்பால் என்று இத்தனை காலம் நாங்கள் பேசினோமே, அதை ஒருவர் வந்து வேலைக்குக் கேட்டது அதுதான் முதல் தடவை. அதிபர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். செயலாளர் விதியைத் தேடுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "ரோட்டுக்குக் கட்சி இல்லை. வெளிக்கிடுங்கோ" என்றார்.

மழை தூறிக்கொண்டிருந்தது. கூட்டமாக நடந்தோம், நரைத்த தலைகளும் ஊன்றுகோல்களும். கடைவீதியில் ஆட்கள் நின்று பார்த்தார்கள். அவள் முன்னால் நடந்தாள், நான் கறுப்புக் குடையோடு அவள் பக்கத்தில்.

கந்தோரில் அவ்வளவு பேர் ஒன்றாகப் போனதும் அதிகாரி எழுந்தே விட்டார். நாற்காலிகள் கொண்டுவரச் சொன்னார். என்ன கட்சி என்று கேட்டார். கட்சி இல்லை, ராஜாவின் ஆட்கள் என்று அதிபர் சொன்னதும் சிரித்தார். என் மனைவி சிரிக்கவில்லை. லொறியில் பிள்ளை பிறந்த கதையைச் சொன்னாள். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கவனமாகக் கேட்டார். ரோட்டை வந்து பார்க்க ஒரு நாள் குறித்தார். வந்தும் பார்த்தார். இப்போது முதல் வளைவு வரைக்கும் கல் கொட்டியிருக்கிறார்கள். மிச்சத்துக்கு அவள் இன்னும் நடந்துகொண்டிருக்கிறாள்.

அன்று நாள் குறித்துவிட்டு, அதிகாரி ஒவ்வொருவரையும் யார் என்று விசாரித்தார். அதிபர் சொன்னார், செயலாளர் சொன்னார். என் முறை வந்தது. என் பட்டம் நாக்கு நுனியில் இருந்தது. தேர்தல் முடிந்துவிட்டது, கேட்பதற்கு ஓட்டும் இல்லை, தடுப்பதற்குச் சூடமும் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேட்ட கேள்விக்குச் சிங்களத்தில் பதில் சொன்னேன். அது போதாது போலிருந்தது. அவளுக்கு நன்றாகக் கேட்கட்டும் என்று தமிழிலும் சொன்னேன்.

"நான் இந்த மெம்பரம்மாவோட வீட்டுக்காரங்க."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் ஈரக் குடையை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டு நேராக நின்றேன்.